இல்லாத மூலையிலிருந்து அளத்தல்

இரும்புத் தகட்டின் மூலையொன்றை உருட்டிவிட்டால் அம்மூலை எங்கே போகிறது? வகுப்பறையில் இதனைக் கேட்டால் மாணவர்கள் ஏதோ சித்தாந்த வினா என்றெண்ணிச் சிரிப்பார்கள். பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கி அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் நடப்பவர்களுக்கு இது கூலிக் கணக்கு.

பத்து மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவால் ஒரு செங்கோண மூலையை உருட்டுவதாகக் கொள்வோம். முன்பு மூலை இருந்த இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது. அவ்விடத்திலிருந்து இரும்பின் மிக அருகிலுள்ள புள்ளி 4.14 மி.மீ. தள்ளி நிற்கிறது. நேர்க்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடமோ 10 மி.மீ. தள்ளி இருக்கிறது. இந்நிலையில் வரைபடத்தில் துளையிலிருந்து மூலை வரை 50 என்று ஓர் அளவு கிடந்தால், எதுவரை ஐம்பது? பழைய மூலை வரையிலா, வளைவின் நடுவரையிலா, நேர்க்கோடு முடியும் இடம் வரையிலா? மூன்றும் நேர்மையான விடைகள். ஆனால் ஒன்றை ஏற்றுச் செய்த பொருள் மற்ற இரண்டின்படி பழைய இரும்பு.

தமிழிலக்கியம் பயின்று, பதினெட்டு ஆண்டுகளாக அதனையே பயிற்றுவித்து வரும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நம் துணைவியாரின் தம்பி தொழிற்பேட்டையின் பின்வரிசைத் தெருவொன்றில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு பஞ்சிங் பிரஸ், ஏழு ஆட்கள். பெரிய நிறுவனங்களிலிருந்து டிராயிங் வரும். அதன்படி செய்து கொடுத்தால் பணம் வரும். சென்ற ஆண்டு ஒரு டிராயிங் வந்தது, பொருள் போயிற்று, பணம் வரவில்லை. "லெட்டர் எழுதணும் மாமா. நான் எழுதினா கோவத்துல ஏதாவது எழுதிடுவேன். நீங்க எழுதிக் குடுங்க" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். கடிதம் எழுத வேண்டுமானால் வழக்கு விளங்க வேண்டும். அப்படித்தான் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தோம்.

வழக்கு இது. நான்கு மி.மீ. தகட்டில் ஒரு தாங்கி. பட்டறை மொழியில் பிராக்கெட். இரண்டு கைகளும் 120 பாகைக் கோணத்தில் வளைந்து சேர வேண்டும். வளைவின் உட்புற ஆரம் 8, வெளிப்புற ஆரம் 12. ஒரு கையில் ஒரு துளை. துளையின் மையத்திலிருந்து வளைவு வரை 50 என்று போட்டிருந்தது. செங்கோணமாக இருந்திருந்தால் சிக்கலே இல்லை. ஒரு கையின் வெளிமுகம் மற்றக் கைக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும். வெர்னியரின் தாடையை அதன்மேல் பொருத்தி அளந்துவிடலாம். மூலை இல்லாவிட்டாலும் அது நின்ற நேர்க்கோடு கைக்கு எட்டும். 120 பாகையில் அந்த வசதி இல்லை. இரண்டு வெளிமுகங்களையும் மனத்தால் நீட்டிக்கொண்டே போனால் எங்கே வெட்டிக்கொள்ளுமோ, அந்தப் புள்ளி இரும்புக்கு வெளியே 1.86 மி.மீ. தூரத்தில் காற்றில் தொங்குகிறது. நேர்முகம் முடிந்து வளைவு தொடங்கும் தொடுபுள்ளிக்கும் அதற்கும் இடையே 6.93 மி.மீ.

பட்டறையில் இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள மூத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். ஐ.டி.ஐ. படித்தவர், தமிழ்வழி. அவர் அந்த ஐம்பதை நேர்முகம் முடியும் இடம் வரை என்று கொண்டார். 320 தாங்கிகளுக்கும் துளை அவ்வாறே போடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் இரு முகங்களையும் கருவி தொட்டுப் பார்த்து, கணக்கிட்டு, வெட்டுப்புள்ளியைத் தானே கண்டுபிடித்து அங்கிருந்து அளந்தது. 50 வர வேண்டிய இடத்தில் 56.93 வந்தது. போட்ட துளையை ஏழு மி.மீ. நகர்த்துவதற்கு உலகில் எந்தக் கருவியும் இல்லை. 320 தாங்கிகளும் திரும்பி வந்தன. தகட்டின் விலையும் போயிற்று. தற்காலிகமாக வந்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்களை அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டார் நம் மைத்துனர். மூத்தவரை நிறுத்தவில்லை. ஆனால் அவர் தாமாகவே இரண்டு நாள் வரவில்லை.

அவரைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "சார், கைல தொட முடியாத எடத்துலேர்ந்து எப்படி சார் அளக்கறது? அங்க ஒண்ணுமே இல்லியே. எனக்குத் தெரிஞ்சு எங்க எரும்பு முடியுதோ அங்கதான் அளவு முடியும்."

இதில் தவறு என்ன என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறோம்.

ஆனால் தொடமுடியாத இடத்திலிருந்து அளப்பது இத்துறையில் பழைய வழக்கம்தான் என்பதும், அதற்கு முறையான இலக்கணம் இருக்கிறது என்பதும் பின்னர்த் தெரிந்தது. வரைபலகையில் பென்சிலால் வரைந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கியபோதும், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தபோதும், அறுபதுகளில் இந்தத் தொழிற்பேட்டை எழுந்தபோதும் வரைபடமென்றால் கையால் வரைந்ததுதான். வரைவாளர் முதலில் மெல்லிய கோடுகளால் முழு உருவத்தையும் கூர்மூலைகளோடு வரைந்துகொள்வார். பிறகுதான் காம்பஸை எடுத்து ஒவ்வொரு மூலைக்கும் வளைவு போடுவார். அதன்பின் வளைவுக்கு வெளியே மிஞ்சிய மூலையை அழிப்பார். ஆனால் அவ்விடத்திலிருந்து அளவு சொல்ல வேண்டியிருந்தால் முழுவதும் அழிக்கமாட்டார். இரண்டு மெல்லிய கோடுகளும் வெட்டிக்கொண்டு, வெட்டிய இடத்தைத் தாண்டிச் சற்றே நீளும்படி விட்டுவைப்பார். அந்தச் சிறிய பெருக்கல் குறிதான் "இங்கே ஒரு மூலை இருந்தது, அளவு இதிலிருந்து" என்பதற்கு அடையாளம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1988இல் பள்ளி கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்பி 46 என்னும் பொறியியல் வரைபட நெறிநூலிலும், பன்னாட்டுத் தர நெறிகளிலும் இம்முறை உண்டு.

ஆக, கையால் வரைந்தவருக்கு மூலை முதலில் பிறந்தது, பிறகு இறந்தது. இறந்ததை அவர் கண்ணால் பார்த்தார். கணினியில் வரைபவருக்கு என்ன நேர்கிறது என்பதை அறியாமல் கடிதத்தை முடிக்க இயலாது என்று தோன்றியது.

மைத்துனரின் பட்டறைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மாடியில், வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிற்றலுவலகம் ஒன்று உள்ளது. அங்கே பணிபுரியும் இளம்பெண்ணொருவர் நம் கல்லூரியில் தமிழ்ப் பாடத்தில் நம்மிடம் படித்தவர் அல்லர். ஆனால் "சார்" என்றழைத்து நாற்காலி போட்டார். ஒரு மதிய நேரம் முழுவதும் சாலிட்வொர்க்ஸ் என்னும் மென்பொருளில் அந்தத் தாங்கியை வரைந்து காட்டினார். அவருடைய விரைவுக்கு நம் கண்கள் ஈடுகொடுக்கவில்லை. மெதுவாகச் செய்யச் சொன்னோம், சிரித்துக்கொண்டே செய்தார்.

இரண்டு கோடுகள் வரைந்தார். அவை 120 பாகையில் சந்தித்தன. துளையிலிருந்து சந்திப்பு வரை 50 என்று அளவு கொடுத்தார். பிறகு மூலையை உருட்டும் கட்டளையைச் சொடுக்கி 12 என்று ஆரம் கொடுத்தார். கண்ணிமைப்பில் மூலை மறைந்து வளைவு வந்துவிட்டது. ஆனால் 50 அப்படியே நின்றது. உற்றுப் பார்த்தால் பழைய மூலையிருந்த இடத்தில் ஒரு சிறு புள்ளி. மென்பொருள் அம்மூலையை மறக்கவில்லை. அதற்கொரு மாயப்புள்ளியை உண்டாக்கி, அளவை அதனோடு கட்டி வைத்திருக்கிறது. இவ்வாறு வைத்துக்கொள்வதற்கென்றே அக்கட்டளையில் ஒரு தெரிவு இருக்கிறது.

அடுத்து அந்த 50ஐ அழித்துவிட்டு, வளைவின்மீதே சொடுக்கி அளவு கேட்டார். இப்போது அளவு வளைவின் மையத்துக்குப் போய் நின்றது. "ஆர்க்கைத் தொட்டா சென்டரத்தான் எடுக்கும் சார்" என்றார். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் மையத்தை விட்டு விளிம்பைப் பிடிக்கிறது. நேர்க்கோட்டின் நுனியைச் சொடுக்கினாலோ தொடுபுள்ளிக்குப் போகிறது, அங்கே 43.07 என்று காட்டியது. ஒரே வளைவு, ஒரே விரல். சொடுக்கும் இடமும் அழுத்தும் விசையும் மாற மாற அளவு வேறோரிடத்தில் போய் முடிகிறது. எங்கும் பொய்யில்லை. கேட்ட வினாவுக்கு மென்பொருள் சரியான விடையே தருகிறது. எந்த வினாவைக் கேட்டோம் என்பது கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அவ்வளவுதான்.

ஆட்டோகேட்டில் இன்னொரு வேடிக்கை காட்டினார். அதே உருட்டும் கட்டளைக்கு ஆரம் சுழியம் என்று கொடுத்தால், விலகிக் கிடக்கும் இரண்டு கோடுகளையும் நீட்டி, கூர்மூலையில் சேர்த்து வைத்துவிடுகிறது. உருட்டுவதற்கென்று பிறந்த கட்டளையே மூலையை மீட்கிறது. எந்த ஆரமும் இல்லாத வளைவுக்குப் பெயர் மூலை! நெடுநேரம் இதனையே நினைத்துக்கொண்டிருந்தோம். (பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்ததற்கு இதுவே காரணம்.)

சிக்கல் இதற்குப் பின்னால் வருகிறது. முப்பரிமாண உருவத்திலிருந்து தாளில் அச்சிடும் வரைபடம் எடுக்கும்போது அந்த மாயப்புள்ளி தானாகக் கூடவே வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. வரைபவர் இரண்டு முகக்கோடுகளையும் தெரிந்தெடுத்து, வெட்டுப்புள்ளியைக் குறித்து, அதற்கு ஓர் அடையாளமும் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் அனுப்பினால் அளவுக்கோட்டின் துணைக்கோடு காற்றில் ஓரிடத்திலிருந்து கிளம்பி மேலே போகும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அது வளைவைத் தொடாமல் நிற்பது தெரியும். பாதி அளவில் அச்சிட்டு, அதை நகலெடுத்து, எண்ணெய்க் கையால் நான்கு முறை மடித்த தாளில் அது எங்கிருந்து கிளம்புகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மைத்துனருக்கு வந்த தாள் அப்படிப்பட்டது. பெருக்கல் குறியும் இல்லை, சிறு புள்ளியும் இல்லை, ஒரு சொற்குறிப்பும் இல்லை.

அந்த மாயப்புள்ளியை எங்கோ பார்த்திருக்கிறோமே என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் இருந்தது. மறுநாள் முதலாமாண்டு வகுப்பில் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். இடையிலிருந்த மகரமெய் எங்கே? கெட்டுவிட்டது. ஒலியில் அது இல்லை, எழுத்தில் இல்லை, 'மரவேர்' என்று சொல்பவர் நாவில் அது ஒருபோதும் வருவதில்லை. ஆயினும் இலக்கணம் அதனை விடுவதில்லை. நிலைமொழி 'மரம்' என்றே வைத்துக் கணக்குத் தொடங்குகிறது. இல்லாத மகரத்திலிருந்து அளக்காவிட்டால் மரவேர் எவ்வாறு வந்தது என்று சொல்ல வழியில்லை. வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நின்று பொருள் தருவதும் இவ்வகையே.

தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்று. பட்டறையிலும் ஏறத்தாழ இதே மூன்றும் இருக்கின்றன. உள்மூலையை உருட்டும்போது அங்கே புதிதாக இரும்பு தோன்றுகிறது. இதனை ஃபில்லட் என்கிறார்கள். வெளிமூலையை உருட்டும்போது இருந்த இரும்பு கெடுகிறது. இதற்கு ரவுண்டு என்று பெயர். வளைவில்லாமல் சாய்வாகச் சீவிவிடுவது சாம்பர். கூர்மூலை இரண்டு மழுங்கிய மூலைகளாகத் திரிகிறது. ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதை அறிவோம். ஆனால் கரும்பலகையில் பிராக்கெட்டை வரைந்து காட்டியபோது, கெடுதல் விகாரத்தை அவ்வளவு ஊன்றி அந்த வகுப்பு முன்னர்க் கேட்டதில்லை. அவர்களில் நால்வர் காலையில் கல்லூரி, மாலையில் தொழிற்பேட்டை என்று ஓடுகிறவர்கள்.

மூலையை ஏன் உருட்ட வேண்டும், கூராகவே விட்டுவைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்றும் ஒரு மாணவர் கேட்டார். கையைக் கிழிக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இழுவிசை தாங்கும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தாலே அதன் ஓரத்தில் விசைச்செறிவு மூன்று மடங்காகிறது. துளை நீண்டு, நுனி கூர்மையாகக் கூர்மையாக அம்மடங்கு ஏறிக்கொண்டே போவதை 1913இல் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். கூரிய உள்மூலை விரிசலுக்கு வாசல். 1954இல் காமெட் என்ற பயணியர் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்துச் சிதறிக் கடலில் விழுந்தபோது, ஆராய்ந்தவர்கள் கண்ட விரிசல்கள் உடற்பகுதியில் சாளரங்களுக்கென வெட்டிய திறப்புகளின் மூலையருகே தொடங்கியிருந்தன. அத்தகடு அழுத்தத்துக்கு ஏறி இறங்கிச் சோர்ந்திருந்தது. ஆகவே வளைவு அழகுக்காக வந்ததன்று. அதன் ஆரமும் விருப்பம்போல் மாற்றத்தக்கதன்று.

அளவு சொல்வதில் வளைவுகள் தரும் தொல்லை மூலையோடு முடியவில்லை. இருமுனையும் அரைவட்டமாக முடியும் நீள்துளை ஒன்றுண்டு, ஸ்லாட் என்பார்கள். இதனை நினைக்கும்போதெல்லாம் நமக்குத் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் கருவறை விமானம் கண்முன் வருகிறது. தூங்கானை மாடம்: முன்பக்கம் நீள்சதுரம், பின்பக்கம் படுத்த யானையின் முதுகுபோல் அரைவட்டம். (அக்கோயிலின் வெள்ளெருக்குத் தூண்களைப் பார்க்கப் போகிறவர்கள் சற்றே பின்புறமும் சுற்றி வந்து இதனைப் பார்க்க வேண்டும். பாடி திருவலிதாயத்திலும் இவ்வமைப்பு உண்டு.) அரைவட்டம் போடுவதற்கு ஒரு முளையடித்துக் கயிறு சுற்ற வேண்டும். அந்த முளையடித்த இடம் வரையில் நீளம் சொல்வதா, யானையின் பின்புற விளிம்பு வரையில் சொல்வதா என்ற வினா, தரையில் கயிறு பிடித்த முதல் தச்சனுக்கும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

ஸ்லாட்டுக்கும் அதே வினா. அகலம் 20, மையத்திலிருந்து மையம் 40, முழுநீளம் 60 என்று கொள்வோம். மில்லிங்கில் நிற்பவருக்கு 40 வேண்டும், 20 மி.மீ. கட்டரை ஓரிடத்தில் இறக்கி, 40 நகர்த்தி, மேலே எடுத்தால் வேலை முடிந்தது. சோதிப்பவருக்கு 60 வேண்டும். வெர்னியர் அதைத்தான் நேரடியாகக் காட்டும். வடிவமைத்தவர் மனத்தில் இருப்பதோ அத்துளைக்குள் ஓடப்போகும் ஊசி எவ்வளவு தூரம் நகரும் என்பது. ஒவ்வொருவர் வசதிக்காகவும் மூன்று எண்களையும் எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். எழுதினால் கேடு. எந்த அளவுக்கும் சிறிது ஏற்றத்தாழ்வு அனுமதிப்பது வழக்கம். அகலம் 20 முதல் 20.2 வரை இருக்கலாம், மைய தூரம் 40க்கு மேலும் கீழும் 0.1 இருக்கலாம் என்று வைத்தால் முழுநீளம் 59.9 முதல் 60.3 வரை எதுவாகவும் வரும். அருகிலேயே முழுநீளம் 60, அதற்கும் 0.1 மட்டுமே சலுகை என்று எழுதியிருந்தால், முதலிரண்டு அளவுகளுக்கும் சரியாக அமைந்த ஒரு பொருள் மூன்றாவதால் தள்ளுபடியாகும். எனவே இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். எந்த இரண்டு என்பதை அந்தத் துளை செய்யப்போகும் வேலை தீர்மானிக்கும்.

நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நடத்தாத தமிழாசிரியர் இல்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்று நீளும் அப்பட்டியலைப் பல்லாண்டுகளாகத் தேர்வுக்குரிய வினாவாக மட்டுமே கண்டு வந்த நமக்கு, அது ஒரு வரைபட அலுவலகத்தின் சுவரில் தொங்க வேண்டியது என்று இப்போது தோன்றுகிறது. ஆரம் சொல்லாமல் விட்டால் குன்றக் கூறல். ஸ்லாட்டுக்கு மூன்று எண் எழுதினால் கூறியது கூறல். சலுகைகள் ஒன்றோடொன்று மோதினால் அதுவே மாறுகொளக் கூறல். மைத்துனருக்கு வந்த தாளின் குற்றம் மயங்க வைத்தல். நூல் என்ற சொல்லுக்கே தச்சுப் பட்டறையில் இன்னொரு பொருள் இருக்கிறது: அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. இன்றும் நம் பகுதி மரத்தச்சர்கள் "ரெண்டு நூல் கொறைங்க" என்பார்கள். மரத்தின் வளைவைக் காட்டிக் கொடுக்கும் கயிற்றையும் மனத்தின் வளைவைப் போக்கும் ஏட்டையும் ஒரே சொல்லால் இணைத்து நன்னூல் பேசுவதற்கு, தச்சரும் புலவரும் ஒரே தெருவில் இருந்ததுதான் காரணமாயிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

இப்போது அவர்கள் வெவ்வேறு தெருவில் இருக்கிறார்கள். அந்த மூத்த தொழிலாளி பள்ளியில் ஆரம், விட்டம், நாண், வில், தொடுகோடு எல்லாம் படித்தவர்தான். வில்லும் நாணும் என்ன அழகான சொற்கள்! ஆனால் பட்டறைக்குள் நுழைந்த அன்றே அவை வாசலில் நின்றுவிட்டன. உள்ளே ரேடியஸ், டயா, டேஞ்சன்ட். தாம் பத்தாம் வகுப்பில் படித்த தொடுபுள்ளிதான் இந்த டேஞ்சன்ட் பாயிண்ட் என்று அவரிடம் நாம் சொன்னபோது, "அப்படியா சார், அது வேற இது வேறன்னுல்ல நெனச்சேன்" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளாக இரண்டும் வேறு என்றே இருந்திருக்கிறார். ஆரம் என்ற சொல் சக்கரத்தின் ஆரக்காலோடு உறவுடையது. ரேடியஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கும் ஆரக்கால் என்று ஒரு பொருள். மிதிவண்டிக்குப் பேர்போன அம்பத்தூரில் இரண்டு சொற்களும் ஒரே கம்பிதான் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது நம் துறை நண்பர்கள் பலர் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் குறையில்லை. ஆனால் பாடநூலில் உள்ள சொல் பட்டறைக்கு வந்து சேர வேண்டிய தூரம், கல்லூரிக்கு வந்து சேர வேண்டிய தூரத்தைவிட அதிகம். ஃபில்லட்டையும் ரவுண்டையும் 'வளைவு' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால் அது தமிழாகிவிடலாம். இரும்பு கூடுகிறதா குறைகிறதா என்பது போய்விடும். இது மொழிபெயர்ப்பிலும் மயங்க வைத்தல்.

எனவே கடிதத்தோடு இன்னொன்றும் எழுதலானோம்: பட்டறைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு தாள். எட்டுப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. படங்களை மாடியலுவலகப் பெண் வரைந்து தந்தார். சொற்களுக்கு நாம் பொறுப்பேற்றோம். 'கோட்பாட்டுக் கூர்முனை' என்று முதலில் எழுதிக்கொண்டு போனோம். மூத்தவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார். நீங்களானால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். "இல்லாத மூல" என்றார். அதையே போட்டோம். உள்மூலை உருட்டு, வெளிமூலை உருட்டு என்பவையும் அவர்கள் தந்தவையே. எம்.ஏ. படித்து நாம் ஆக்கியவற்றுள் நிலைத்தது 'தொடங்குபுள்ளி' ஒன்றுதான். அதையும் இப்போது சுருக்கித் தொடக்கம் என்கிறார்கள்.

தாளின் கடைசிப் படம் வளைந்த தாங்கி. அதற்குக் கீழே: அளவு வளைவில் வந்து முடிந்தால், பெருக்கல் குறி இருக்கிறதா என்று பார். இருந்தால் இல்லாத மூலையிலிருந்து அள. இல்லாவிட்டால் துளை போடாதே, கேள். கேட்பதற்காகும் அரைநாளை முதலாளி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சேர்க்கலாமா என்று மைத்துனரிடம் கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "போடுங்க" என்றார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. கோபம் இல்லை. வரைபடத்தில் 50 என்ற அளவு எங்கு முடிகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. நெறிநூல் கேட்கும் வெட்டுக்கோடுகள் இல்லை. அந்தத் தாளிலிருந்து மூன்று வகையாகப் பொருள் கொள்ள இயலும். அவற்றின்படி துளையின் இடம் இவ்வளவு இவ்வளவு மாறும் என்று எண்களோடு எழுதி, மூன்றையும் சிறு படங்களாக இணைத்தோம். தகட்டின் விலையையாவது தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். அனுப்பிய நாள் முதல் மைத்துனர் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் "ஒண்ணும் வரல மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பதில் அல்ல, பணமும் அல்ல. அதே தாங்கிக்குப் புதிய வரைபடம். திருத்த எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது. திருத்தத்தின் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சிறு கோடு. வளைவுக்கு வெளியே, காற்றில், இரண்டு மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சற்றே நீண்டிருந்தன. பழைய விலைக்கே 400 தாங்கிகள் கேட்டிருந்தார்கள். மைத்துனர் ஏற்றுக்கொண்டார், நிறுத்திய இருவரில் ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் அதற்குள் பூவிருந்தவல்லிப் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்துவிட்டிருந்தார். மூத்தவர் புதிய தாளை வாங்கி மேசையில் விரித்து, அந்தப் பெருக்கல் குறியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, துளைக்கும் தொடக்கத்துக்கும் இடையே 43.07 என்று தம் கையெழுத்தில் எழுதிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார்.